பத்தொன்பதாம் நம்பரில் ஒரு ஆள் கூடுதல்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் கன்னையா குழாய் வேலை பார்த்தார். குழாய் ஒழுகினாலும், சாக்கடை அடைத்தாலும், கூரை ஓடு நழுவினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ரயிலில் வேலை செய்கிறவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு அது. நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். முன்னால் ஒரு கூடம், நடுவில் ஒரு ரூம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு சந்து. ஒரு வீட்டுக்குள் போய் வந்தால் எல்லா வீட்டுக்குள்ளும் போய் வந்த மாதிரிதான். கதவுக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த நம்பர் மட்டும்தான் வித்தியாசம்.

கன்னையா பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். முதல் ஆறு வருடம் கிள்ளானில் ஒரு தகரக் கொட்டகையில் பதினாலு பேரோடு படுத்து எழுந்தார். மழை நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றபடியே விடிய வேண்டியிருந்தது. ரயில்வேயில் வேலை கிடைத்து, மூன்றாம் வரிசையில் எட்டாம் நம்பர் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவி பவுனம்மாள் நேராக அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"எப்பத் தொறந்தாலும் வருமா?" என்று கேட்டாள்.

"வராட்டி நாந்தானே வந்து பாக்கணும்" என்றார் கன்னையா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வேலை இருக்கிறவரைதான் வீடு. பின்பக்கம் ஒரு முருங்கைக் கொம்பு நடுவதற்குக்கூட ஆபீசில் கேட்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இந்த வீட்டில் சோறு இறங்காது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்பது சந்தில் துணி துவைக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கன்னையாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்காரர்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு இடத்தில் வாழ்வது அவருக்குப் பிடித்திருந்தது.

நாற்பத்திரண்டாம் வருடம் பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் தெற்கே ஓடிவிட்டார்கள். சில வாரம் ரயில் ஓடவில்லை. பிறகு எல்லோரையும் வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். அதே வீடு, அதே வேலை. ஆபீஸ் வாசலில் குனிந்து கும்பிட வேண்டும் என்பது மட்டும் புதிது. அடுத்த வருடம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைவரை வைக்கச் சொன்னார்கள். மூன்றாம் வரிசைக்குக் கன்னையா பேர் வந்தது. அவருக்குத் தமிழ் எழுதத் தெரியும், எல்லா வீட்டுக்குள்ளும் போகிற ஆள், யாரோடும் பகை இல்லை.

நம்பர் வாரியாக ஒரு பட்டியல் எழுதினார். பேர், வயது, வேலை, வீட்டில் இருக்கிற ஆட்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் அரிசி வந்தது. ஊருக்குள் பாசார் கடைகளில் அரிசிக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, கோட்டர்ஸில் வரிசை வரிசையாக நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். அரை வயிற்றுக்குத்தான் காணும் என்றாலும் ஒருவர் பங்கை இன்னொருவர் பிடுங்கவில்லை. பங்சார் பக்கத்துக் கம்பத்தில், கிராமம் மாதிரி ஒரு இடத்தில், பலகை வீடுகளில் இருந்தவர்கள் இவர்களைப் பார்த்து, "உங்களுக்கென்ன லா, வீட்டுக்கே வந்துடுது" என்றார்கள். கன்னையாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாற்பத்து மூன்றாம் வருடம் சித்திரையில் பத்தொன்பதாம் நம்பர் வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். அந்த வீடு இன்ஜினில் கரி தள்ளுகிற தம்புசாமியுடையது. அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி சீதாலெட்சுமி கதவைத் திறந்துவிட்டு, உள்ளே விடாமல் வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கு வாங்களேண்ணே."

"தண்ணி வீணாப் போவுது சீதா. ரெண்டு நிமிஷ வேலை."

அவள் நகர்ந்தாள். அடுப்படியில் விறகு அடுக்கியிருந்த மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தான். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கால் இரண்டும் சேற்றுப்புண்.

"என் தம்பி, வேலாயுதம்" என்றாள் சீதாலெட்சுமி. "கேரி தீவுல எஸ்டேட்ல இருந்தான். அங்க லோரி வந்து ஆம்பளைங்கள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போறாங்களாம், சயாமுக்கு ரயில் பாதை போட. இவன் சம்பான் படகுல ஆத்தத் தாண்டி, நடந்தே வந்துட்டான். எழுதிடாதீங்கண்ணே."

கன்னையா குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே, "நான் குழாயத்தான் பாத்தேன். வேற ஒண்ணும் பாக்கல" என்றார்.

இரண்டு வாரத்தில் வரிசைக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பின்சந்தில் தெரியாமல் ஒரு ஆளை வைத்திருக்க முடியாது. யாரும் வெளியே சொல்லவில்லை. பவுனம்மாள் புண்ணுக்குப் போட மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். கம்பத்துப் பக்கம் ஓடிவிடலாம் என்று வேலாயுதம் நினைத்தான். ஆனால் ரோட்டில் அடையாளக் கார்டு இல்லாத ஆளை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடக்கவும் கால் இல்லை. அதனால் அக்காள் பங்குச் சோற்றில் பாதியைத் தின்றுகொண்டு அடுப்படியிலேயே கிடந்தான்.

வைகாசி முடிகிற நேரம் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. ஜப்பான் அதிகாரி பேசினான், ஆபீசில் கணக்கு எழுதுகிற தமிழ்க் கிராணி ஒருவர் அதை எடுத்துச் சொன்னார். சயாம் பாதை வேலைக்கு வரிசைக்கு மூன்று பேர். மூன்று மாத வேலை. சாப்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பேர் வர வேண்டும். கன்னையா எழுதிய பட்டியல் கிராணியின் கையில் இருந்தது.

"ஆள் வரலேன்னா?" என்று கன்னையா கேட்டார்.

கிராணி அதை ஜப்பான் மொழியில் சொல்லவே இல்லை. "கேக்காதீங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். "போன வாரம் முதல் வரிசைத் தலைவர் இதத்தான் கேட்டாரு. அவரையும் சேத்து எழுதிட்டாங்க."

"அப்ப என்னையே எழுதிக்குங்க."

கிராணி இதைச் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டி ஏதோ சொன்னான். "குழாய்க்காரர் இங்க வேணுமாம்" என்றார் கிராணி.

ஐந்தாம் நம்பரில் சேர்ந்து குடியிருந்த கல்யாணமாகாத ஆட்கள் இரண்டு பேர் தாங்களாகவே வந்து பேர் கொடுத்தார்கள். மூன்று மாதம் என்பதை அவர்கள் நம்பினார்கள். இன்னும் ஒரு ஆள் வேண்டும். ஞாயிறு காலை கன்னையா வீட்டுக் கூடத்தில் ஆண்கள் எல்லோரும் கூடினார்கள். யார் பேரைச் சொன்னாலும் பழி வரும் என்று கன்னையா சீட்டுப் போட்டார். வேலாயுதத்தின் பேர் அந்தச் சீட்டுகளில் இல்லை. பட்டியலில் இல்லாத ஆள்தானே. ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். பதினொன்றாம் நம்பர், பழனியப்பன்.

பழனியப்பன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். மூன்று பிள்ளைகள், கடைசிக் குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னான்:

"இந்த வரிசையில ஒரு ஆளு கூடுதலா இருக்கான். அவனுக்குப் புள்ளயும் இல்ல, குட்டியும் இல்ல."

எல்லோரும் தம்புசாமியைப் பார்த்தார்கள். அவன் எழுந்து மச்சானுக்காக ஏதாவது சொல்வான் என்று கன்னையா காத்திருந்தார். தம்புசாமி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அவன் நம்ம கோட்டர்ஸ் ஆள் இல்லியே பழனி" என்றார் கன்னையா.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். நம்ம ஆள் இல்ல. என் பேர்ல போகட்டும். அங்க பேரத்தான் கூப்பிடுவாங்க, மூஞ்சியா பாக்கப் போறாங்க? நான் வெளிய வராம வீட்டுக்குள்ளயே கெடக்கிறேன். ஷெட்ல வேல வாங்குற மண்டோர் நம்ம ஆளு, வாயத் தொறக்க மாட்டாரு."

"அவன் கார்டு இல்லாத ஆளு. பிடிபட்டான்னா எல்லாருக்கும்தான் அடி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இன்னொருவர் ஆமாம் போட்டார். அதற்குப் பிறகு அது பேச்சாக இல்லை, முடிவாகிவிட்டது. நம்பருக்குள் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நின்றார்கள். கன்னையாவுக்கு இது தப்பு என்று தெரிந்தது. வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பழனியப்பனைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து அனுப்பினால் அது சரியாகிவிடுமா?

பத்தொன்பதாம் நம்பருக்கு அவரும் தம்புசாமியும் நடந்தார்கள். வழியில் தம்புசாமி, "நான் எதுத்துப் பேசி நாளைக்கு என் பேர் வந்துச்சுன்னா அவளுக்கு யாருண்ணே?" என்றான்.

சீதாலெட்சுமி விஷயத்தைக் கேட்டு அழவில்லை, புருஷனைப் பார்த்தாள். "நீங்களும் சரின்னு சொன்னீங்களா?" என்றாள். தம்புசாமி உள்ளே போய்விட்டான். அவள் கன்னையா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாக்கலேன்னு சொன்னீங்களேண்ணே."

"இப்பவும் ஆபீசுக்குப் போய் நான் சொல்லப் போறதில்ல, சீதா. ஆனா வரிசையே பேசுது. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

வேலாயுதம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தான். கால் புண் ஓரளவு ஆறியிருந்தது. அவன் முகத்தில் பயம் தெரிந்தது. "மூணு மாசந்தானேண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

முதல் வரிசையிலிருந்து மாசியிலேயே முதல் தடவையாகப் போன யாரும் இன்னும் திரும்பவில்லை என்று கன்னையாவுக்குத் தெரியும்.

"அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு கூட்ஸ் யார்டில் வண்டி நின்றது. மாடு ஏற்றுகிற பெட்டிகள். வரிசைத் தலைவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கிராணி பட்டியலைப் பார்த்துப் பேர் வாசித்தார். ஐந்தாம் நம்பர் ஆட்கள் இரண்டு பேரும் ஏறினார்கள்.

"பழனியப்பன்!"

வேலாயுதம் பேசாமல் நின்றான். அந்தப் பேர் தன்னுடையது என்று அவனுக்குத் தோன்றவில்லை. கிராணி இரண்டாம் தரம் கூப்பிட்டார். காவலுக்கு நின்றவன் திரும்பிப் பார்த்தான். கன்னையா அவன் முழங்கையைத் தொட்டு, "ஒன்னத்தான் கூப்பிடுறாங்க" என்றார்.

"இருக்கேன்" என்றான் வேலாயுதம். ஏறினான். பெட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகு மூன்றாம் வரிசையில் எல்லாம் முன்பு போலவே நடந்தது. பழனியப்பன் பதினொன்றாம் நம்பர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தான். சயாமுக்குப் போனவன் வீடு என்று அவன் மனைவி வள்ளியம்மாவுக்கு அரிசி வந்தது. அரிசி வாங்கும் வரிசையில் வள்ளியம்மா நின்றால் சீதாலெட்சுமி நாலு பேர் தள்ளி நிற்பாள். கன்னையாவோடு அவள் பேசுவதை விட்டுவிட்டாள். அந்த வீட்டில் குழாய் மறுபடி ஒழுகியபோது தம்புசாமிதான் வந்து கூப்பிட்டான். கன்னையா வேலை செய்து முடிக்கிறவரை அவள் சந்தில் போய் நின்றாள்.

மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது. நாற்பத்து நான்காம் வருடம் மாசியில் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இறந்துபோனவர்கள் பேர். மூன்றாம் வரிசை என்று போட்டு ஒரே ஒரு பேர்: பழனியப்பன், காலரா, கார்த்திகை மாதத்துத் தேதி. கிராணி கன்னையாவை உள்ளே கூப்பிட்டார். "ஆள் போயிட்டா வீடு இல்லண்ணே. பத்து நாள்ல பதினொண்ணாம் நம்பரக் காலி பண்ணச் சொல்லுங்க. வேற ஆளுக்கு எழுதியாச்சு."

கன்னையா பதினொன்றாம் நம்பர் கதவைத் தட்டினார். பழனியப்பன்தான் லேசாகத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்து, "யாருண்ணே, யாரு செத்தது?" என்றான்.

"நீதான் பழனி."

பத்து நாளில் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அங்கிருந்து பத்தொன்பதாம் நம்பருக்குப் போக எட்டே வீடு. அந்த எட்டு வீட்டைத் தாண்ட கன்னையாவுக்கு வெகு நேரம் ஆனது. சீதாலெட்சுமி முறத்தில் மரவள்ளிக்கிழங்குத் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னார். அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். சத்தம் வெளியே வரக்கூடாது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. சாவு விழுந்தது பதினொன்றாம் நம்பரில். பத்தொன்பதாம் நம்பரில் அழுகை கேட்டால் யாருக்காக என்று கேள்வி வரும்.

நாலாம் நாள் மதியம் கிராணியும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வீட்டைப் பார்வையிட வந்தார்கள். பழனியப்பன் அதற்குள் பங்சார் பக்கத்துக் கம்பத்துக்குப் போய்விட்டிருந்தான். வள்ளியம்மா தாலியைக் கழற்றி ஒளித்துவிட்டு, பொட்டில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழ வேண்டும், பயத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. சிப்பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சீதாலெட்சுமி தலைமுடியை அவிழ்த்துப் போட்டபடி பின்சந்து வழியாக வந்தாள். வள்ளியம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு பதினொன்றாம் நம்பர் வாசலில் உட்கார்ந்து அழுதாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. பேர் சொல்லி அழ முடியாது. "அய்யா, அய்யா" என்றே அழுதாள். மற்ற வீட்டுப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வள்ளியம்மாவுக்கும் அப்போது அழுகை வந்துவிட்டது. சிப்பாய் ஏதும் கேட்காமல் திரும்பிப் போனான். சுவரோரம் நின்றிருந்த கன்னையா எட்டாம் நம்பருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று பவுனம்மாள் போட்ட சோற்றை அவர் தொடவில்லை.

கம்பத்தில் பழனியப்பன் பலகையும் அத்தாப்பு ஓலையும் வைத்து ஒரு குடிசை போட்டான். அங்கே பட்டியலும் இல்லை, நம்பரும் இல்லை. மரவள்ளி நட்டு வயிற்றைக் கழுவினார்கள். தண்ணீருக்கு வள்ளியம்மா பாதி மைல் நடந்தாள். மழைக்கு முற்றம் முழுக்கச் சேறு, மூன்று பிள்ளைகளுக்கும் மாறி மாறிக் காய்ச்சல். கடைசிக் குழந்தை அந்த வருடமே போய்விட்டது. ஆனால் ஆளைத் தேடி யாரும் அங்கே வரவில்லை.

நாற்பத்தைந்தில் வெள்ளைக்காரன் பக்கத்து விமானங்கள் வந்து ரயில் யார்டுகளின் மேல் குண்டு போட்டன. கோட்டர்ஸ் சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கம்பங்களுக்கு ஓடினார்கள். கன்னையாவும் பவுனம்மாளும் ஆறு நாள் பழனியப்பன் குடிசையில் இருந்தார்கள். அந்த ஆறு நாளும் வேலாயுதத்தின் பேரை இரண்டு ஆண்களும் எடுக்கவில்லை.

ஆவணியில் ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். ஐந்தாம் நம்பர் ஆட்களில் ஒருவன் மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். கார்த்திகை மழையில் வேலாயுதம் காலரா வந்து கிடந்தபோது பக்கத்தில் இருந்ததாகவும், கடைசிவரை பழனி, பழனி என்றே எல்லோரும் கூப்பிட்டதாகவும் சொன்னான். புதைத்தார்களா எரித்தார்களா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பழனியப்பனுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமானால் அவன் சாகவில்லை என்று ஒரு வரிசைத் தலைவர் வந்து சொல்ல வேண்டும். ஆபீசுக்குக் கிளம்பிய அன்று கன்னையா பத்தொன்பதாம் நம்பர் வாசலில் போய் நின்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு சீதாலெட்சுமி அவரிடம் பேசினாள்.

"பழனியண்ணன் பேர அடிச்சா, அந்த எடத்துல என் தம்பி பேர எழுதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஆபீசில் அதே தமிழ்க் கிராணிதான் இருந்தார். மேலே அதிகாரி மட்டும் வேறு. கன்னையா நடந்ததை முழுக்கச் சொன்னார். கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு பழைய தாள்களை எடுத்துப் புரட்டினார்.

"வேலாயுதம். எந்த நம்பர்?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதுல தம்புசாமி, சீதாலெட்சுமி. ரெண்டு பேருதான். நீங்க எழுதினதுதாண்ணே, பாருங்க."

கன்னையா பார்த்தார். அவருடைய கையெழுத்துதான்.

"ரயில்வே ஆள் இல்லாதவனுக்கு நான் எப்படி எழுதுறது? எஸ்டேட்ல கேளுங்க" என்றார் கிராணி. எஸ்டேட்டில் அவனை ஓடிப்போனவன் என்று எழுதி எப்போதோ கணக்கிலிருந்து எடுத்திருப்பார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். கிராணி பேனாவை எடுத்து, பழனியப்பன் என்ற வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

கன்னையா வந்து சொன்னபோது சீதாலெட்சுமி கோபப்படவில்லை. "சரிண்ணே" என்றாள். பலகையில் போட்டிருந்த கார்த்திகைத் தேதியை மட்டும் ஒரு தரம் கேட்டுக்கொண்டாள்.

அந்தத் தேதியில் கிள்ளான் ஆற்றோரம் அவனுக்குக் காரியம் செய்தார்கள். காலை ஒன்பது மணி இருக்கும், தூறிக்கொண்டிருந்தது. தம்புசாமி தண்ணீரில் இறங்கி நின்று, ஐயர் சொன்னதைத் திரும்பச் சொன்னான். பேரைக் கேட்டபோது சீதாலெட்சுமி கரையிலிருந்து முந்திக்கொண்டு, "வேலாயுதம்" என்று உரக்கச் சொன்னாள். மூன்றாம் வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். பவுனம்மாள் ஒரு சேர் அரிசி கொண்டுவந்திருந்தாள்.

பழனியப்பன் எல்லோருக்கும் பின்னால், வாழை மரங்களுக்குப் பக்கத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். கன்னையா அவனைப் பார்த்தார். கிட்டே வா என்று சொல்லலாமா, போய்விடு என்று சொல்லலாமா என்று தெரியாமல் சீதாலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் பழனியப்பனைப் பார்த்துவிட்டிருந்தாள். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இலையில் வைத்த பிண்டத்தை ஆறு இழுத்துக்கொண்டு போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்; பிறகு பவுனம்மாள் பிடித்த கையைப் பற்றிக்கொண்டு மேடேறினாள்.